பழைய இரும்புக் குழாயில் பாபிகியூ ஸ்மோக்கர்: கட்ட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பழைய குழாய் ஒன்றை வாங்கி, வீட்டு வளவுக்குள் ஓஃப்செட் ஸ்மோக்கர், அதாவது இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் அடுப்பு, கட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நீள அகலம் அங்குலத்திலும் இரும்பின் தடிப்பு மில்லிமீற்றரிலும் தரப்பட்டுள்ளன. பட்டறையில் அப்படித்தான் பேசுவார்கள்.

ஓஃப்செட் ஸ்மோக்கர் என்றால் என்ன? சாதாரண பாபிகியூ அடுப்பு போதாதா?

கோழிக்கால் சுட்டுச் சாப்பிட மட்டும் ஆசை என்றால் சாதாரண அடுப்பே போதும். அதில் தணல் கீழே, இறைச்சி மேலே. அரை மணித்தியாலத்தில் வேலை முடியும்.

ஓஃப்செட்டில் நெருப்பு ஒரு பக்கமாக, தனிப் பெட்டியில் எரியும். அங்கிருந்து சூடும் புகையும் பக்கத்துப் பெரிய குழாய்க்குள் நுழைந்து, இறைச்சியைத் தடவிக்கொண்டு போய், மறுமுனையிலுள்ள புகைபோக்கி வழியே வெளியேறும். உள்ளே 110 முதல் 135 பாகை செல்சியஸ் வரை சூடு இருக்கும். அந்த மெல்லிய சூட்டில் பல மணித்தியாலம் கிடக்கும்போது, முற்றிய இறைச்சியிலுள்ள விறைப்பான இணைப்புத் திசு கரைந்து பசையாகிவிடும். கடித்து இழுக்க வேண்டிய துண்டு கையால் பிய்க்கும் பதத்துக்கு வருவது அதனால்தான். அமெரிக்காவின் டெக்சாஸ், ஒக்லஹோமா எண்ணெய் வயல்களில் மிஞ்சிய குழாய்களை வெல்டிங் தொழிலாளர்கள் இப்படி வெட்டி ஒட்டிப் பரப்பிய முறை இது.

இறைச்சியை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு வத்தல் போடுவதும் இதுவும் ஒன்றா என்று படுவான்கரைப் பக்கத்தார் கேட்பதுண்டு. இரண்டிலும் புகை இருக்கிறது. ஆனால் வத்தலில் நீரை வற்றவைக்கிறோம், இதில் நீர் வற்றாமல் வேகவைக்கிறோம். வத்தல் மாதக்கணக்கில் கிடக்கும். இது அன்றைக்கே சாப்பிட வேண்டியது.

கட்டத் தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டப்போவது காற்று ஓடும் பாதை. கீழுள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தப் பாதையைப் பற்றியவைதான். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும், காற்று இழுக்காத ஸ்மோக்கர் இறைச்சியில் கரியைத்தான் பூசும்.

குழாய் எங்கே கிடைக்கும்?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடலாம். 20 அங்குலக் குழாய் தினமும் வந்து விழும் பொருள் இல்லை. கடைக்காரக் காக்காவிடம் அளவைச் சொல்லி, தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வருவதுதான் நடைமுறை. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் நெல் ஆலைகள் நிறைய. ஆலை புதுப்பிக்கும்போது கழற்றிப் போடும் புகைக்குழாய், கொதிகலன் உருளை போன்றவை நல்ல சாமான்தான். ஆனால் பழைய கொதிகலனைச் சுற்றி வெள்ளையாக, நார்நாராகப் பூச்சு ஏதும் ஒட்டியிருந்தால் அது கல்நாராக (அஸ்பெஸ்டோஸ்) இருக்கலாம். சுரண்டிப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பழைய இரும்பு கிலோக் கணக்கில்தான் விற்பனையாகும், ஆகவே பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். தண்டவாளத் துண்டும் குடிநீர்த் திட்டத்துக் குழாயும் அரசாங்கச் சொத்து. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வைத்தால், பொலிஸ் வரும்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்னொன்று. நம்முடைய பகுதி யுத்தம் நடந்த பகுதி. இரும்புக் குவியலுக்குள் இரண்டு முனையும் மூடிய, என்னவென்று தெரியாத உருளை எது கிடந்தாலும் உருட்டவோ தட்டவோ வேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள்.

எந்தக் குழாயை வாங்கவே கூடாது?

முதலாவது, ஜி.ஐ. குழாய், அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய வெள்ளிநிறக் குழாய். நாகம் ஏறத்தாழ 420 பாகையில் உருகும், 907 பாகையில் ஆவியாகும். வெல்டிங் பொறியின் சூடு அதைவிடப் பல மடங்கு. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பட்டறைக்காரர்கள் பலருக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். அமிலம் போட்டு நாகத்தைக் கழற்றலாம் என்பார்கள். உணவு வேகிற சாமானுக்கு அந்த வில்லங்கம் எதற்கு? வேறு குழாய் பாருங்கள்.

இரண்டாவது, உட்பக்கம் தார் பூசிய தண்ணீர்க் குழாய். மண்ணுக்குள் புதைத்த பழைய உருக்குக் குழாய்களுக்குள் நிலக்கரித் தார் பூசுவது வழக்கமாக இருந்தது, அது புற்றுநோய் தரக்கூடியது. உள்ளே கறுப்பாக, தடிப்பாக, நகத்தால் கீறினால் பளபளக்கும் பூச்சு இருந்தால் விட்டுவிடுங்கள். எரித்துவிட்டால் போய்விடும் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, செங்கபில நிறப் பழைய அடிப்பூச்சு அடித்த குழாய். அந்தக் காலத்து அடிப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அதைக் கிரைண்டர் பிடித்தால் தூள் உங்கள் நுரையீரலுக்குள் போகும், எரித்தால் அக்கம்பக்கத்துக்கும் போகும்.

நான்காவது, வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் ரொட்டில் அது ஒழுங்காக ஒட்டாது, ஒட்டினாலும் ஆறும்போது வெடிப்பு விழும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கிரைண்டரை ஓரத்தில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். உருக்கு என்றால் பொறி நீளமாக, மஞ்சள் வெள்ளையாகப் பறந்து நுனியில் பூப்போல வெடிக்கும். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாக, சிவந்து, பக்கத்திலேயே விழுந்துவிடும்.

நல்ல குழாய் எப்படி இருக்கும்? வெறும் கறுப்பு உருக்கு. மேலே கறள் பிடித்திருந்தால் பரவாயில்லை, கறளைத் தேய்த்துவிடலாம். முன்பு உள்ளே என்ன ஓடியது என்று விற்பவர் சொல்லக்கூடிய குழாயாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பீப்பாயிலோ பழைய காஸ் சிலிண்டரிலோ செய்யலாமே?

காஸ் சிலிண்டரை வெட்டவே வேண்டாம். வால்வைத் திறந்து விட்டாலும் உள்ளே வாயு மிஞ்சியிருக்கும். கிரைண்டர் பொறி பட்டால் போதும். எண்ணெய், பெற்றோல், இரசாயனம் இருந்த பீப்பாய்க்கும் இதே பதில்தான். உணவுப்பொருள் வந்த 200 லீற்றர் பீப்பாய் கிடைத்தால் செய்யலாம், ஆனால் அதன் தகடு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். காற்று அடித்தால் சூடு இறங்கும், விறகு போட்டால் ஏறும், நீங்கள் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். நெருப்புப் பெட்டியாக வைத்தால் சீக்கிரமே ஓட்டை விழும். ருசி பார்க்கவென்று ஒன்று செய்வதானால் சரி.

அளவு எப்படிக் கணக்கிடுவது?

ஒரு குடும்பம், விசேஷத்துக்கு வரும் உறவுகள் என்றால் 20 அங்குல விட்டமுள்ள குழாய் தாராளம். இறைச்சி வேகும் குழாய்க்கு 48 அங்குலம் வெட்டுங்கள். அதன் உள்கொள்ளளவு ஏறத்தாழ 15,000 கன அங்குலம், அதாவது 250 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. நெருப்புப் பெட்டியின் கொள்ளளவு இதில் மூன்றிலொரு பங்கு இருக்க வேண்டும் என்பது ஸ்மோக்கர் கட்டுபவர்கள் கைக்கொள்ளும் விதி. அதே குழாயிலிருந்து 16 அங்குலம் வெட்டினால் கணக்கு அச்சொட்டாக வந்துவிடும். ஆக மொத்தம் 64 அங்குலக் குழாய் ஒன்று போதும்.

நெருப்புப் பெட்டியைப் பெரிய குழாயின் பக்கத்தில் நேருக்கு நேர் ஒட்டக்கூடாது, 10 அங்குலம் கீழே இறக்கி ஒட்ட வேண்டும். சூடு மேல்நோக்கித்தானே போகும். அப்படி இறக்கினால் இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் கண் வடிவில் வரும். அந்தக் கண்ணின் கீழ்ப்பாதியை மட்டும் வெட்டித் திறந்தால் 60 சதுர அங்குல வழி கிடைக்கும், இந்த அளவுக் குழாய்க்கு அது கச்சிதம். அடியில் அரை அங்குல விளிம்பை வெட்டாமல் விடுங்கள். உருகும் கொழுப்பு நெருப்புக்குள் வழிந்தால் பற்றிக்கொள்ளும், அதைத் தடுப்பது அந்தச் சின்ன விளிம்புதான்.

காற்று நுழையும் வாய் நெருப்புப் பெட்டிக் கதவில், ஏறக்குறைய 15 சதுர அங்குலம். திறந்து மூடக்கூடிய தகடு ஒன்றை அதில் வையுங்கள். புகைபோக்கிக்கு 5 அங்குலக் குழாய், 30 முதல் 36 அங்குல உயரம். அதைப் பெரிய குழாயின் உச்சியில் வைக்காமல், இறைச்சி வைக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில் முனைத்தகட்டில் பொருத்தி மேலே வளைத்தால், புகை கூரையோடு ஓடிப்போகாமல் இறைச்சியைத் தொட்டுப் போகும். புகைபோக்கியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சிறுத்துப்போனால் இழுவை செத்துப்போகும், பிறகு எந்தக் கதவைத் திறந்தாலும் சரிவராது.

பெரிய குழாயை வெளிமுனைப் பக்கம் அரை அங்குலம் சரித்து, தாழ்ந்த இடத்தில் ஓர் அங்குல வடிகுழாய் வைத்து, அடியில் ஒரு வாளியை வைத்துவிடுங்கள்.

எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும்?

6 மி.மீ. நெருப்புப் பெட்டி அதற்குக் குறையவே கூடாது. பெரிய குழாய் 4 அல்லது 5 ஆக இருந்தாலும் சமாளிக்கலாம். கையில் உள்ள காசு அளவானது என்றால் அதை நெருப்புப் பெட்டியில் போடுங்கள். சில்லு, பெயின்ற், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாரத்தையும் யோசியுங்கள். 20 அங்குலம், 6 மி.மீ. குழாய் ஒரு மீற்றர் ஏறத்தாழ 74 கிலோ. முனைத்தகடு, கால், கம்பித்தட்டு எல்லாம் சேர்ந்தால் 180 கிலோவைத் தொடும். மணல் வளவுக்குள் சின்னச் சில்லு புதைந்துவிடும். கல்லடி, நாவலடி மாதிரிக் கடற்கரை மணலில் நாலு சீமெந்துக் கல்லின் மேல் நிரந்தரமாக வைப்பதே புத்தி.

கதவு வெட்டினேன், திரும்பப் பொருந்தவில்லை. ஏன்?

எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. குழாய் செய்யும்போது இரும்பைச் சுருட்டி ஒட்டியிருப்பார்கள். அந்த முறுக்கு உள்ளே அடங்கிக் கிடக்கும். நீங்கள் நாலு பக்கமும் வெட்டியவுடன் அது விடுபட்டு, கதவுத் துண்டு கொஞ்சம் விரியும், குழாயின் வாயும் அசையும். பிறகு கதவின் ஒரு மூலை உள்ளே, மறுமூலை வெளியே.

வழி இதுதான். கதவின் கோட்டைச் சோக்கால் கீறிக்கொள்ளுங்கள். பிணைச்சல் வரும் மேற்பக்கத்தை முதலில் வெட்டுங்கள், அதிலும் இரண்டு மூலையிலும் இரண்டு அங்குலம் விட்டுவிட்டு. மற்றப் பக்கங்கள் இன்னும் குழாயோடு ஒட்டிக் கிடக்கும்போதே பிணைச்சலை வைத்து ஒட்டிவிடுங்கள். கைபிடியையும் அப்போதே ஒட்டலாம். எல்லாம் ஆறிய பிறகு மிச்சப் பக்கங்களை வெட்டுங்கள். எல்லாம் ஆறிய பிறகு மிச்சப் பக்கங்களை வெட்டுங்கள். பிணைச்சலும் பட்டை இரும்பும் கதவை அதன் வடிவத்திலேயே பிடித்துக்கொள்ளும். கதவின் கீழ் விளிம்பு குழாயின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கட்டும், கீழே இறங்கினால் குழாய் பலம் இழந்து தொய்யும்.

நூல் நுழையாத அளவுக்கு மூட வேண்டும் என்றில்லை. கொஞ்சம் புகை கசியும். போகப்போகக் கரியும் கொழுப்பும் அந்த இடுக்கை அடைத்துவிடும்.

வீட்டு மின்சாரத்தில் வெல்டிங் செய்யலாமா?

230 வோல்ட் வீட்டு இணைப்பில் சின்ன இன்வேர்ட்டர் மெசின் வேலை செய்யும். 6013 இலக்க வெல்டிங் ரொட், 3.2 மி.மீ. போதும். நீள இணைப்பு வயர் மெல்லியதாக இருந்தால் அது சூடேறும். ஒரே மூச்சில் சுற்றி ஒட்டாமல், எதிரெதிரே புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள், இல்லாவிட்டால் முனைத்தகடு கோணும். வெல்டிங் பழக்கமில்லாதவர் குழாயையும் படத்தையும் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. கேற், யன்னல் கிறில் செய்யும் எந்தப் பட்டறையும் இதைச் செய்யும். அளவை எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் ஜி.ஐ. கம்பியைப் போட்டுவிடுவார்கள்.

முதல் நெருப்பு எப்படி மூட்டுவது? உள்ளே பெயின்ற் அடிக்கலாமா?

உள்ளே பெயின்ற் கூடவே கூடாது. முதலில் வெறுமையாக நன்றாக எரியவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் போக்குங்கள். ஆறிய பிறகு துடைத்து, உள்முழுக்கச் சமையல் எண்ணெயை மெல்லப் பூசி, 130 முதல் 150 பாகையில் சில மணித்தியாலம் வையுங்கள். எண்ணெய் இறுகிக் கறுப்புத் தோலாகப் படியும், அதுதான் கறளுக்குக் காவல்.

நம்மிடம் தேங்காய் எண்ணெய்க்குக் குறைவில்லை, ஆனால் இதற்கு அது பொருந்தாது. தேங்காய் எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகும் வகை இல்லை, பிசுபிசுப்பாகவே கிடக்கும். சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெய் வாங்குங்கள்.

வெளிப்பக்கத்துக்கு மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ற் சரி. நெருப்புப் பெட்டியில் அதுவும் உரியத்தான் செய்யும். அங்கே எண்ணெய் பூசிக்கொண்டிருப்பதுதான் நல்லது.

எந்த விறகு?

புளி, மா, கொய்யா. இந்த மூன்றும் போதும். புளி நின்று எரியும், தணலும் நல்லது. மாவும் கொய்யாவும் புகைக்கு இதம். மரக்காலையில் பாலை மரக் கழிவுத் துண்டு கிடைத்தால் தணலுக்கு அருமையானது. நெருப்பைத் தொடங்கச் சிரட்டைக் கரி நன்றாக உதவும். பொச்சு மட்டை வேண்டாம், அதன் புகை தொண்டையைக் கமறும்.

வேம்பு கசக்கும். அலரி நஞ்சு, கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பெயின்ற் அடித்த பழைய கதவு, பிளைவூட், உடைந்த தோணிப் பலகை எதுவும் கூடாது. வாவிக்கரைக் கண்டலை வெட்டுவது சட்டப்படி குற்றம், அது மீன் பெருகும் இடமும்கூட.

விறகு ஓர் அடி நீளம், மணிக்கட்டுப் பருமன். பச்சை விறகு எந்த மரமானாலும் உதவாது. அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு துண்டு. அடுத்ததாகப் போடும் துண்டை நெருப்புப் பெட்டியின் மேலே வைத்துச் சூடாக்கிக்கொண்டால் உள்ளே போனவுடன் பற்றும்.

புகை வெள்ளையாக, தடிப்பாக வருகிறது. நல்லதுதானே?

இல்லை. அது விறகு ஒழுங்காக எரியாமல் புகைகிறது என்பதற்கு அடையாளம். இறைச்சி கசக்கும், உதடு மரத்த மாதிரி இருக்கும். புகைபோக்கியின் வாயில் இருப்பதே தெரியாத மெல்லிய நீலப் புகைதான் வேண்டும். சூட்டைக் குறைக்க நினைத்துக் காற்று வாயை இறுக்கி மூடுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. காற்றைத் திறந்துவிட்டு, நெருப்பைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கட்டும்.

கச்சான் காற்றிலும் மாரி மழையிலும் என்ன செய்வது?

கச்சான் வீசும் மாதங்களில் காற்று வாயை காற்றடிக்கும் பக்கம் திருப்பி வைத்தால் துருத்தி ஊதிய மாதிரி நெருப்பு கிளம்பும். பக்கவாட்டில் காற்றுப் படும்படி வையுங்கள், வேண்டுமானால் ஒரு கூரைத் தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். கிடுகு வேலி, கிடுகுக் கொட்டில் இருந்தால் குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருக்க வேண்டும். அந்த நாட்களில் கிடுகு ஒரு பொறிக்கே பற்றும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

மாரியில் விறகு நனையாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. பாவிக்காத நாட்களில் புகைபோக்கியின் மேல் ஒரு பெரிய பால்மா டின்னைக் கவிழ்த்து வையுங்கள், மூட்டுமுன் எடுக்க மறக்க வேண்டாம். தறப்பாளால் இறுக்கிப் போர்த்தினால் உள்ளே ஈரம் தங்கிக் கறள் கூடும். மேலே கூரை, சுற்றிலும் காற்றோட்டம், அதுதான் நல்லது.

முதலில் எதைச் சமைப்பது?

கோழி. ஒன்றரைக் கிலோக் கோழி 135 பாகையில் இரண்டரை முதல் மூன்று மணித்தியாலத்தில் வேகும். தொடையின் உட்புறம் 74 பாகை வந்தால் எடுக்கலாம். பாரை மீன் துண்டும் நன்றாக வரும், அதற்கு 63 பாகை போதும்.

மாட்டிறைச்சி என்றால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கர்கள் நெஞ்சுப் பகுதியை முழுதாக வைப்பது அவர்களுடைய மாடு கொழுத்தது என்பதால். நம்முடைய ஊர் மாடு மேய்ந்து வளர்ந்தது, கொழுப்புக் குறைவு. நெஞ்சுப் பகுதி காய்ந்துவிடும். விலாவையோ முன்னங்காலையோ கேளுங்கள். உள்சூடு 65, 70 பாகையில் ஏறாமல் பல நேரம் நின்றுவிடும். மேற்பரப்பு ஈரம் ஆவியாகி வியர்வை போலக் குளிர்விப்பதால் அப்படி. பயந்து விறகை அள்ளிப் போடாதீர்கள். வாட்டிய வாழையிலையில் சுற்றி, மேலே அலுமினியத் தாளும் சுற்றித் திரும்ப வைத்தால் நகரும். 90ஐத் தாண்டி, கம்பி குத்தினால் தடையில்லாமல் இறங்கும்போது எடுங்கள்.

மசாலாவுக்கு உப்பும் மிளகும் போதும் என்பது என் கருத்து. கறித்தூள் ஏற்கெனவே வறுத்தது, ஆறு மணித்தியாலப் புகையில் அது கசப்பாகத்தான் முடியும். சம்பலைப் பக்கத்தில் வையுங்கள்.

தெர்மோமீற்றரைக் கதவின் உச்சியில் பொருத்தாமல் கம்பித்தட்டின் மட்டத்தில் பொருத்துங்கள். மேலே காட்டும் சூடு இறைச்சியின் சூடு இல்லை. வாங்கியவுடன் கொதிநீரில் விட்டுப் பாருங்கள், நம்முடைய கடல்மட்டத்தில் 100 காட்ட வேண்டும்.

பன்றியும் சமைக்கிறோம். முஸ்லிம் நண்பர்களுக்கும் இதில் செய்து கொடுக்கலாமா?

முதல் நாளே முடிவெடுங்கள். உள்ளே படியும் கறுப்புத் தோலில் கொழுப்பு கலந்து கிடக்கும், கழுவி மறைக்கிற விஷயம் இல்லை. காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ நண்பர்கள் வந்து சாப்பிடும் வீடு என்றால் பன்றியை அதில் வைக்காமலே விடலாம், இறைச்சியையும் அவர்களுடைய கடையிலேயே வாங்கலாம். ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வேறு அடுப்பில் செய்யுங்கள். அதேபோல, வைகாசியில் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு நடக்கும் நாட்களில் ஸ்மோக்கர் ஓய்வெடுக்கட்டும். புகைக்கு வேலி தெரியாது.

கறள், சாம்பல்: பராமரிப்பு எப்படி?

கடற்காற்றுப் படும் இடத்தில் கறள் வரத்தான் செய்யும். வெளியே கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசுங்கள். உள்ளே உரிந்து தொங்கும் கரியை மட்டும் சுரண்டுங்கள், கறுப்புத் தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம்.

சாம்பலை மறுநாளே அள்ளிவிடுங்கள். சாம்பல் ஈரத்தை இழுக்கும், ஈரச் சாம்பல் நெருப்புப் பெட்டியின் அடித்தகட்டைத் தின்னும். அடியில் மூன்று அங்குலம் உயர்த்தி 16 மி.மீ. முறுக்குக் கம்பியில் ஒரு தட்டு வைத்தால் விறகுக்குக் கீழே காற்றும் ஓடும், சாம்பலும் இலகுவாக வரும். அள்ளியதை இரும்பு வாளியில் போட்டு ஓரிரு நாள் வையுங்கள், உள்ளே தணல் உயிரோடு இருக்கும். பிறகு தென்னையடியில் கொட்டலாம்.